இஞ்சின் போச்சு என்றால், போனது எது?

மாணவர்களே, இப்படி ஒரு மாலையை நினைத்துப் பாருங்கள். காரில் போன அப்பா பஸ்ஸில் திரும்பி வருகிறார். முகம் வாடியிருக்கிறது. "இஞ்சின் போச்சாம். வேற இஞ்சின் போடணும், இல்லன்னா காரையே வித்துடுங்கன்னு மெக்கானிக் சொல்றாரு" என்கிறார். கார் வாங்கி 14 ஆண்டுகள் ஆகின்றன. மீட்டர் 280,000 கிலோமீட்டரைக் காட்டுகிறது. அந்தக் காரில்தான் அவர் தினமும் கிள்ளானிலிருந்து ஷா ஆலாமுக்கு வேலைக்குப் போகிறார். தொலைபேசியில் சித்தப்பா, "அண்ணே, இவ்வளவு ஓடுன இஞ்சின்ல இன்னும் காசு போடாதீங்க" என்கிறார். அம்மா சேமிப்புப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்.

ஆளுக்கொரு கருத்து சொல்லும் அந்தக் கூடத்தில், நீங்கள் ஒரு கேள்வி கேட்கலாம். "அப்பா, இஞ்சின்ல போனது எது?"

இஞ்சின் என்பது ஒரே பொருள் அல்ல. மேலே வால்வுகள் உள்ள 'ஹெட்' எனும் தலைப்பகுதி இருக்கிறது. நடுவில் பிஸ்டன்கள் ஏறி இறங்கும் சிலிண்டர்கள் இருக்கின்றன. கீழே, பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க்ஷாஃப்ட்டும் அதைத் தாங்கும் பேரிங்குகளும் இருக்கின்றன. இவை எல்லாம் ஒரே நாளில் சாவதில்லை. ஒன்று செத்தாலும் கார் நின்றுவிடும் என்பதால் "இஞ்சின் போச்சு" என்று மொத்தமாகச் சொல்லிவிடுகிறோம்.

முதலில், 280,000 கிலோமீட்டர் என்பதன் பொருள் என்ன? ஒரு 1.3 லிட்டர் இஞ்சின், நெடுஞ்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நிமிடத்துக்கு 2,700 முறை சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிமிடத்தில் கார் 1.5 கிலோமீட்டர் போகிறது. ஆக, கிலோமீட்டருக்கு 1,800 சுற்று. 280,000 கிலோமீட்டருக்கு 504 மில்லியன் சுற்று. பிஸ்டன் மேலிருந்து கீழே வரும் தூரம் 82 மில்லிமீட்டர் என்றால், ஒரு சுற்றில் அது ஏறி இறங்கி 164 மில்லிமீட்டர் நகரும். பெருக்கிப் பாருங்கள். கார் ஒரு கிலோமீட்டர் போகையில் ஒவ்வொரு பிஸ்டனும் சிலிண்டர் சுவரோடு ஒட்டி ஏறத்தாழ 295 மீட்டர் உரசிக்கொண்டு ஓடுகிறது. இதுவரை ஓடியது 82,000 கிலோமீட்டருக்கும் மேல். பூமத்திய ரேகையை இரண்டு முறை சுற்றினால்கூட அவ்வளவு வராது!

இவ்வளவு உரசியும் தேய்ந்து தீராமல் இருப்பதற்குக் காரணம், இடையில் இருக்கும் எண்ணெய்ப் படலம். அந்தப் படலம் இருக்கும்வரை உலோகமும் உலோகமும் நேரடியாகத் தொடுவது அரிது. படலம் அறுந்துபோகும் நேரங்களில்தான் தேய்மானம் நடக்கிறது. இரவெல்லாம் நின்ற காரைக் காலையில் முடுக்கும் முதல் சில விநாடிகள் அப்படிப்பட்டவை. எண்ணெய் எல்லாம் கீழே வடிந்திருக்கும். சிலிண்டரின் உச்சி இன்னோர் இடம். பிஸ்டன் அங்கே ஒரு கணம் நின்று திரும்புகிறது. நின்றால் படலம் மெலியும். வெடிப்பின் வெப்பமும் அழுத்தமும் அங்கேதான் மிக அதிகம். பழைய இஞ்சினைத் திறந்து சிலிண்டரின் மேல்விளிம்பை நகத்தால் தடவினால் ஒரு சிறு படி தட்டுப்படுவதுண்டு. அது, ரிங் எட்டாததால் தேயாமல் தப்பிய பகுதி.

அதனால்தான் நீண்ட தூரம் ஓடி, நேரத்துக்கு எண்ணெய் மாற்றிய டாக்சியின் 400,000 கிலோமீட்டர், சந்தைக்கும் பள்ளிக்கும் மட்டும் போய்வந்து எண்ணெய் மாற்ற மறந்த காரின் 120,000 கிலோமீட்டரைவிட ஆரோக்கியமாக இருக்கக்கூடும். சித்தப்பா மீட்டரைப் பார்த்துத் தீர்ப்பு சொன்னார். மீட்டர் ஓடிய தூரத்தைச் சொல்லும். தேய்ந்த அளவைச் சொல்லாது. அதை அளந்துதான் பார்க்க வேண்டும்.

நான்கு எண்கள்

அளப்பதற்கு இஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் ஓர் அழுத்தமானியைப் பொருத்தி, ஸ்டார்ட்டரைச் சில விநாடிகள் சுற்றவிட்டால் போதும். இதைக் கம்பிரஷன் சோதனை என்பார்கள். நான்கு சிலிண்டர் என்றால் நான்கு எண்கள் கிடைக்கும்.

இங்கே உங்கள் இயற்பியல் பாடம் கைகொடுக்கும். இந்த இஞ்சினில் பிஸ்டன் காற்றை 9.5-இல் ஒரு பங்காக அமுக்குகிறது என்று கொள்வோம். பாயில் விதிப்படி அழுத்தம் 9.5 மடங்காக வேண்டும். ஆனால் நல்ல இஞ்சினில் மானி அதைவிடக் கூடுதலாகவே காட்டும். பாயில் பொய் சொன்னாரா? இல்லை. அவருடைய விதி, வெப்பநிலை மாறாதபோது மட்டுமே பொருந்தும். வேகமாக அமுக்கினால் காற்று சூடேறும். சூடேறினால் அழுத்தம் மேலும் ஏறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதும் இதனால்தான். நல்ல நிலையில் உள்ள பல பெட்ரோல் இஞ்சின்கள் 150 முதல் 190 பிஎஸ்ஐ வரை காட்டும். எண் பெரிதா சிறிதா என்பதைவிட, நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கின்றனவா என்பதே முக்கியம். மிகக் குறைந்தது, மிக உயர்ந்ததில் 75 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அந்தச் சிலிண்டரில் கோளாறு என்பது பட்டறைகளில் புழங்கும் பொது அளவுகோல்.

சரி, ஒரு சிலிண்டரில் அழுத்தம் குறைவு. காற்று எங்கே ஒழுகுகிறது? அதைக் கண்டுபிடிக்கும் தந்திரம் எனக்கு மிகவும் பிடித்தது. பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி இஞ்சின் எண்ணெயை விட்டு மறுபடியும் அளக்கிறார்கள். எண்ணெய் பிஸ்டனின் மேல் பரவி, ரிங்குகளைச் சுற்றியுள்ள இடைவெளியைச் சிறிது நேரம் அடைக்கும். இப்போது எண் நன்றாக ஏறினால், ஒழுகல் ரிங் பக்கம். ஏறவே இல்லையென்றால், எண்ணெய் எட்டாத மேல்பகுதியில், வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ ஒழுகுகிறது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைவாகக் காட்டினால், அவற்றுக்கிடையே கேஸ்கெட் விட்டுப்போயிருக்க வாய்ப்பு அதிகம். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் இத்தனை விவரம்!

இன்னும் உறுதி வேண்டுமானால், அந்தப் பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, வால்வுகள் இரண்டும் மூடியிருக்கும் நிலையில், கம்பிரசரிலிருந்து காற்றை உள்ளே செலுத்திவிட்டுக் காதை வைத்துக் கேட்பார்கள். எண்ணெய் ஊற்றும் மூடிவழியாகச் சீறினால் ரிங். புகைக்குழாயில் சீறினால், புகை வெளியேறும் வால்வு. காற்று உள்ளே வரும் வழியில் சீறினால், உள்ளிழுக்கும் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட்.

புகையும் சாட்சி சொல்லும். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. காலையில் முடுக்கியதும் ஒரு கொத்தாக வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். அது சிறு வேலை. வேகம் கூட்டும்போதெல்லாம் தொடர்ந்து வந்தால் ரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். விடாத வெண்புகையோடு கூலண்டும் குறைந்துகொண்டே போனால் கேஸ்கெட். (கேமரன் மலையில் காலையில் எல்லாக் கார்களும் வெண்புகை விடும். அது குளிர்ந்த நீராவி, பயப்பட வேண்டாம்.) கறுப்புப் புகை, பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்பதன் அடையாளம். அதற்காக யாரும் இஞ்சினை மாற்றத் தேவையில்லை.

இவற்றில் எதிலும் சிக்காத நோய் ஒன்று உண்டு. கீழேயிருந்து வரும் கனத்த 'டொக் டொக்' சத்தம், கூடவே எண்ணெய் அழுத்த விளக்கு. இது பேரிங் தேய்ந்ததன் குரல். பேரிங்குக்கும் கிராங்க்ஷாஃப்ட்டுக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி, ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. அது பெரிதானால் எண்ணெய் அழுத்தம் நிற்காது. அந்த நிலையில் "மெதுவா ஓட்டிட்டுப் போயிடலாம்" என்று கிளம்பினால், பழுதுபார்க்கக்கூடிய இஞ்சின் பழைய இரும்பாகிவிடும்.

சூடேறிய தலை

நம் நாட்டு வெயிலில், நெரிசலில் நின்று நின்று போகும் கார்களுக்கு அடிக்கடி வரும் நோய், இஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறுவது. பல பழைய இஞ்சின்களில் அடித்தொகுதி இரும்பு, தலை அலுமினியம். ஒரு பாகை செல்சியசுக்கு, அலுமினியம் ஒரு மீட்டரில் சுமார் 23 மைக்ரோமீட்டர் நீளும். வார்ப்பிரும்பு சுமார் 11 மட்டுமே. 400 மில்லிமீட்டர் நீளமுள்ள தலை 100 பாகை சூடேறினால் 0.92 மில்லிமீட்டர் நீள முயலும். கீழே உள்ள இரும்பு 0.44 மட்டுமே நீளும். ஆனால் இரண்டையும் போல்ட்டுகள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. சாதாரணச் சூட்டில் இடையிலுள்ள கேஸ்கெட் இதைச் சமாளித்துவிடும். எல்லை மீறினால் தலை வளைந்துவிடும். பல இஞ்சின்களில் அனுமதிக்கப்படும் வளைவு 0.05 மில்லிமீட்டர் அளவுதான்.

இந்த நோய் பயங்கரமாகத் தெரியும். ஆவி பறக்கும், எண்ணெய் பால் கலந்த காப்பி நிறமாகும். ஆனால் உடனே நிறுத்தியிருந்தால், தலையைக் கழற்றிச் சமமாகச் செதுக்கி, புதிய கேஸ்கெட் போட்டால் சரியாகிவிடக்கூடும். கீழே உள்ள பிஸ்டன்களும் பேரிங்குகளும் நலமாக இருக்கலாம். "போச்சு" என்ற ஒரே சொல்லில் இதையும் பேரிங் சத்தத்தையும் சேர்த்துவிடக் கூடாது என்பது இதனால்தான்.

இனி, பணம்

ரிங்குகளும் சிலிண்டரும் உண்மையிலேயே தேய்ந்துவிட்டன என்றால் 'ஓவர்ஹால்' செய்யலாம். சிலிண்டரை 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் அகலமாகக் குடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவார்கள். நல்ல கைவினைஞர் வேண்டும்; நாளும் ஆகும். இன்னொரு வழி, நம் நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த 'ஹாஃப் கட்'. ஜப்பானில் புதிய காருக்கு முதலில் மூன்று ஆண்டிலும், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் 'ஷாகென்' எனும் கட்டாயச் சோதனை உண்டு. கார் பழையதாக ஆக அதன் செலவு உரிமையாளரை யோசிக்க வைக்கும். அப்படிக் கைவிடப்பட்ட கார்களின் முன்பாதிகளும் இஞ்சின்களும் கப்பலேறி இங்கே வருகின்றன. உபரிப் பாகங்கள் இல்லாத வெறும் இஞ்சினைக் கடைகளில் 'கோசோங்' என்று விற்பார்கள். விலை குறைவு. ஆனால் அதன் கடந்த காலம் நமக்குத் தெரியாது. மேலே சொன்ன கம்பிரஷன் சோதனையைப் பொருத்துவதற்கு முன்பே செய்யச் சொல்ல வேண்டும். இஞ்சின் எண் மாறுவதால் ஜேபிஜேயில் பதிவையும் மாற்றியாக வேண்டும். மறந்தால் பின்னாளில் காரை விற்கும்போது தலைவலி.

எதைத் தேர்ந்தெடுப்பது? கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம்; உங்கள் பட்டறையில் இவை வேறாக இருக்கும். கேஸ்கெட் வேலை 1,500 வெள்ளி, மூன்று ஆண்டு தாங்கும்: மாதம் சுமார் 42 வெள்ளி. ஓவர்ஹால் 5,000 வெள்ளி, ஆறு ஆண்டு: மாதம் 69 வெள்ளி. பழைய இஞ்சின் 3,000 வெள்ளி, நான்கு ஆண்டு. நான்கில் ஒன்று சரியில்லாமல் போய் மறுபடி 1,000 வெள்ளி செலவாகும் என்றால், நிகழ்தகவைச் சேர்த்து 3,250 வெள்ளி. மாதம் சுமார் 68 வெள்ளி. இன்னொரு காரை மாதம் 550 வெள்ளித் தவணையில் வாங்குவதோடு ஒப்பிட்டால் மூன்றுமே மலிவு. "காரோட விலையைவிட ரிப்பேர் செலவு கூடினா வித்துடு" என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது சரியான ஒப்பீடாகப் படவில்லை. விற்றால் கையில் வரும் பணத்துக்கு ஓடக்கூடிய வேறு கார் கிடைக்குமா என்பதல்லவா கேள்வி?

ஆனால் இந்தக் கணக்கைக் கவிழ்க்கும் எண் ஒன்று கீழே இருக்கிறது, வகுக்கும் எண். காரின் அடித்தட்டு துருப்பிடித்து, கியர்பாக்ஸும் இன்னும் இரண்டே ஆண்டு தாங்கும் என்றால்? ஆறு ஆண்டு ஓடக்கூடிய இஞ்சினையும் நீங்கள் இரண்டு ஆண்டுதான் பயன்படுத்த முடியும். 5,000 வெள்ளியை 24 மாதத்தால் வகுத்தால் மாதம் 208 வெள்ளி! கேஸ்கெட் வேலையோ 62 வெள்ளி 50 காசு. அதனால் இஞ்சினுக்கு விலை கேட்குமுன், காரைத் தூக்கி நிறுத்தி அடியில் விளக்கடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

"போன வருஷம்தான் ஏர்கோண்டுக்கு ஆயிரம் வெள்ளி போட்டேன்" என்று அப்பா வருந்தினால், அந்த ஆயிரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். காரை வைத்திருந்தாலும் விற்றாலும் அது திரும்பி வராது. ஏர்கோண்ட் இன்னும் நன்றாக வேலை செய்கிறது என்பதைச் சேர்த்துக்கொள்ளலாம்; அது வரப்போகும் செலவைக் குறைக்கிறது.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. அப்பாவின் காரை அளந்தபோது வந்த நான்கு எண்கள்: 172, 168, 104, 170. மூன்றாவது சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்ட பிறகு 107. காற்றைச் செலுத்தியபோது ரேடியேட்டரில் குமிழி இல்லை. புகைக்குழாயில் மட்டும் சீறல் கேட்டது. அடியில் துரு இல்லை, கியர்பாக்ஸ் நன்றாக மாறுகிறது. மெக்கானிக் இன்னும் வேறு இஞ்சின்தான் போட வேண்டும் என்கிறார். போனது எது, அப்பாவிடம் என்ன சொல்வீர்கள் என்று எழுதி வையுங்கள். விடை அடுத்த வாரம்.