கைப்பேசியும் அனுமதிச் சீட்டும்

இராயபுரத்திலிருந்து எண்ணூர் நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலையில் நடப்போர், துறைமுகத்திற்குச் செல்லும் சரக்கு லாரிகளின் நீண்ட வரிசையைக் காணாதிருத்தல் அரிது. வாயிற்காவலர் நுழைவுச் சீட்டைக் கேட்கின்றனர். அது யாருக்கு உரியது, எந்நாள்வரை செல்லும், எப்பணிக்காகக் கொடுக்கப்பட்டது என்பவற்றை நோக்கிய பின்னரே உள்ளே விடுகின்றனர். சரக்கு இறக்க வந்தவர் அதனை இறக்கிச் செல்லலாம். அலுவலகத்துட் புகுந்து கணக்கேடுகளைப் புரட்டுதல் அவர்க்கு உரிமையன்று. இதன் நியாயத்தை நம் வட்டாரத்துச் சிறுவரும் அறிவர். ஆயினும், நம் சட்டைப்பையிலுள்ள கைப்பேசிக்கும் வாயில் உண்டு என்பதையும், அவ்வாயிலில் நாமே காவலராய் நின்று நாள்தோறும் சீட்டுக் கொடுத்து வருகிறோம் என்பதையும் நம்முட் பலர் எண்ணுவதில்லை. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

அனுமதியாவது யாது?

கைப்பேசியில் நாம் ஏற்றும் ஒவ்வொரு செயலியும் தனக்கென அடைக்கப்பட்ட ஓர் அறையில் இயங்குவது போன்றது. தன் அறையிலுள்ளவற்றை அது தானே கையாளலாம். கேமரா, ஒலிவாங்கி, இருப்பிடம், குறுஞ்செய்தி, தொடர்பெண் பட்டியல் ஆகியவற்றைத் தொடவேண்டுமாயின் கைப்பேசிக்கு உரியவரின் இசைவைப் பெறல் வேண்டும். அவ்விசைவே அனுமதி எனப்படும்.

முற்காலத்து ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில், செயலியை ஏற்றும்போதே அது கேட்கும் அனைத்திற்கும் ஒருசேர இசைய வேண்டியிருந்தது. இசையாதார்க்குச் செயலி இல்லை. 2015இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 6 முதலாக, ஒவ்வோர் அனுமதியையும் தேவை நேரும்பொழுது தனித்தனியே கேட்கும் முறை ஏற்பட்டது. 2019இல் வந்த 10ஆம் பதிப்பு, செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும் இருப்பிடத்தைக் காட்டும் வரம்பைத் தந்தது. 2020இல் வந்த 11ஆம் பதிப்பு, ஒருமுறைக்கு மட்டும் அனுமதி தரும் வழியைத் திறந்தது. 2021இல் வந்த 12ஆம் பதிப்பில், கேமராவோ ஒலிவாங்கியோ இயங்குங்கால் திரையின் மேல் மூலையில் பச்சைக் குறி தோன்றலாயிற்று. இவ்வாறு காவலர் கையிற் கருவிகள் பெருகின. காவலர் விழித்திருக்கின்றனரா என்பதே வினா.

தக்க சீட்டும் தகாத சீட்டும்

எதனைக் கேட்பினும் மறுத்தல் அறிவுடைமையாகாது. காசிமேட்டுத் துறையிலிருந்து கடலுக்குச் செல்லும் மீனவரை எண்ணுக. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவர்க்கென ஒரு செயலியை அமைத்துள்ளது. அலையின் உயரம், காற்றின் வேகம், மீன் கிடைக்கத்தக்க பகுதி முதலியவற்றை அஃது உரைக்கிறது. பன்னாட்டுக் கடலெல்லையைப் படகு நெருங்கின் எச்சரிக்கிறது. படகு எங்குள்ளது என்பதை அறியாமல் இவ்வெச்சரிக்கையைத் தருதல் எங்ஙனம்? ஆதலின் இருப்பிட அனுமதி ஈண்டுத் தக்கதே. பணம் செலுத்தும் யுபிஐ செயலிகள் குறுஞ்செய்தி அனுமதியைக் கேட்பதும், அவ்வெண் நம்முடையதுதானா எனச் சரிபார்த்தற்பொருட்டேயாம்.

இனி இதற்கு மாறான ஒன்றைக் காண்போம். கைப்பேசியை டார்ச் விளக்காக்கும் செயலி ஒன்று, பயன்படுத்துவோரின் இருப்பிடத்தைச் சரிவரத் தெரிவிக்காமல் விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பியதென, 2013இல் அமெரிக்க நாட்டுக் கூட்டரசு வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. இருளில் விளக்கேற்றுவதற்கு, ஏற்றுவோர் இராயபுரத்தில் உள்ளாரா திருவொற்றியூரில் உள்ளாரா என்பதை அறிய வேண்டுவதில்லை. செய்யும் பணிக்கும் கேட்கும் பொருளுக்கும் தொடர்பு உண்டா என்னும் ஒரு வினாவே தக்க சீட்டையும் தகாத சீட்டையும் பிரித்துக் காட்டும்.

தண்டலும் செயலியும்

இவ்வினாவைக் கேளாமையால் விளையும் கேடு எத்தகையது? நம் பகுதியில் தண்டலுக்குக் கடன் வாங்குதல் பழைய வழக்கம். தவணை தவறின் தண்டல்காரர் வாயிலில் நின்று குரலெழுப்புவார், தெரு அறியும். அதுவும் கொடிதே, எனினும் அவ்வவமானம் பெரும்பாலும் அத்தெருவோடு நின்றது. 2020இல் கொள்ளைநோயினால் கூலி இழந்தோர் பலர்க்குச் சில நிமிடங்களிற் கடன் தருவதாகக் கூறும் செயலிகள் கண்ணிற் பட்டன. அவற்றுட் பல, கடன் தருமுன் தொடர்பெண் பட்டியலையும் ஒளிப்படங்களையும் திறந்துவிடுமாறு கேட்டன. தவணை தவறியவுடன் பட்டியலில் இருந்தோர்க்கெல்லாம் வசைச் செய்திகள் சென்றன; மாற்றித் திரிக்கப்பட்ட படங்களும் சென்றன. தெலங்கானாவில் இத்துன்பம் பொறாது உயிர் நீத்தோரும் உளர். 2021 ஜனவரியில் சென்னைக் காவல்துறையின் மத்தியக் குற்றப்பிரிவு, இத்தகைய செயலிகளை நடத்தியதாகப் பெங்களூரில் சிலரைக் கைது செய்தது; அவருள் இருவர் சீன நாட்டினர்.

எண்ணூரில் ஒப்பந்தத் தொழில் புரியும் ஒருவர், மகளின் கட்டணத்திற்காக இத்தகைய செயலியில் ஐயாயிரம் ரூபாய் பெற்றார் எனக் கொள்வோம். அவருடைய பட்டியலில் பெரியம்மாவின் எண் உண்டு. பட்டறை மேஸ்திரியின் எண் உண்டு. மகளின் ஆசிரியை எண்ணும், முன்னொரு நாள் குழாய் பழுதுபார்த்தவர் எண்ணும் உண்டு. இவர்கள் ஒருவரும் கடன் பெறவில்லை. இசைவு தரவும் இல்லை. அவரை நம்பித் தம் எண்ணைக் கொடுத்தனர், அவ்வளவே. விரலின் ஒரு தொடுகையால் அவர்கள் அனைவரும் பிறர் கையிற் சென்றனர். ஆகவே, அந்தரங்கம் என்பது ‘என்னிடம் மறைக்க ஒன்றுமில்லை’ எனக் கூறித் தள்ளத்தக்க தன் சொந்தப் பொருளன்று. பிறர் நம்மிடம் வைத்த அடைக்கலப் பொருளும் அதனுள் அடங்கும்.

இதனை எழுதப் புகுமுன் நம் கைப்பேசியைத் திறந்து நோக்கினோம். ஒளிப்படத்தை அழகுபடுத்தும் செயலி ஒன்றிற்குத் தொடர்பெண் பட்டியலைத் திறந்து விட்டிருந்தமை கண்டு நாணினோம். எந்நாளிற் கொடுத்தோம் என்பதும் நினைவில் இல்லை. பிறர்க்கு உபதேசிக்க வந்த நாமும் உறங்கிய காவலரே.

சட்டம் துணை செய்யும் எல்லை

2017 ஆகஸ்டு 24ஆம் நாள், ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமையே என ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். இந்திய ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் வெளியிட்ட நெறிகள், கடன் செயலிகள் தொடர்பெண் பட்டியலையும் அழைப்புப் பதிவையும் கோப்புகளையும் தொடலாகாது என விலக்கின. 2023 மே 31 முதல் கூகுளும் தன் பிளே ஸ்டோரில் உள்ள தனிநபர்க் கடன் செயலிகளுக்கு இவ்வாறே தடை விதித்தது. 2023இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர்த் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குகிறது: மருத்துவ ஆலோசனை தரும் செயலி தொடர்பெண் பட்டியலையும் கேட்டு, ஒருவர் இசைந்தாராயினும், மருத்துவத்திற்கு அப்பட்டியல் வேண்டாமையின் அவ்விசைவு மருத்துவத்தின் அளவிலேயே நிற்கும். இச்சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் முதன்மையான கடமைகள் அதிலிருந்து பதினெட்டுத் திங்கள் கழித்துச் செயற்படுமென வரையறுக்கப்பட்டது.

இவையெல்லாம் நன்றே. ஆயினும் சட்டத்திற்கு அஞ்சுவோரையே சட்டம் எளிதிற் கட்டும். மறைவிடத்திலிருந்து நடத்தப்படும் செயலி நெறியைப் பாராது. அன்றியும், கொடுத்த அனுமதியை மீட்கலாம். படியெடுத்துக்கொண்டு போன பட்டியலை மீட்டல் இயலாது. செயலியை நீக்கிவிடுதலும் அதற்கு மருந்தாகாது. ஆதலின் முதற்காவல் நம்முடையதே.

நாம் செய்யத்தக்கன

கைப்பேசியின் ‘அமைப்புகள்’ பகுதியில் ‘ஆப்ஸ்’ என்பதைத் திறந்து, ஒவ்வொரு செயலியின் அனுமதிகளையும் திங்களுக்கு ஒருமுறையேனும் நோக்குக. பணிக்கு வேண்டாதவற்றை நீக்குக. இருப்பிடத்தைப் பயன்படுத்தும்போது மட்டும் காட்டுக. கடன் பெற நேரின், ரிசர்வ் வங்கி 2025 ஜூலை முதல் தன் இணையதளத்தில் வெளியிட்டு வரும் கடன் செயலிகளின் பட்டியலில் அப்பெயர் உண்டா எனப் பார்க்க. மிரட்டல் வரின் அஞ்சி மேலும் பணம் கட்டாது, செய்திகளைச் சான்றாகக் காத்து, 1930 என்னும் எண்ணுக்கு உடனே தெரிவிக்க. மிரட்டப்பட்டவர் நண்பராயின் அவரை நகையாதிருத்தலும் நம் கடமையே. நாணமே அக்கயவரின் முதலாதலின், நாணுதற்கு இடமில்லை என உணர்த்துவோர் அம்முதலை அழிப்போராவர்.

மாணவ நண்பர்காள், நும்முட் பலர் வீட்டில் தாயார்க்கும் பாட்டனார்க்கும் செயலியை ஏற்றிக் கொடுப்பவர் நீவிரே. அவர்கள் நும்மை நம்பி ‘சரி’ என்பதைத் தொடுகின்றனர். இன்று மாலை வீடு சென்றதும் அவர்தம் கைப்பேசியை வாங்கி, கொடுத்துள்ள சீட்டுகளை ஒவ்வொன்றாக அவர்க்குப் படித்துக் காட்டுக. கற்ற கல்வி வீட்டிற்குப் பயன்படுதற்கு இஃதோர் எளிய வழியாம்.