செவிவழிக் கற்போரும் இணைய உலாவியும்

பார்வையற்ற மாணவர் கணினித் திரையைச் செவியால் படிக்கின்றனர். அதற்குத் துணைநிற்கும் என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பு மென்பொருளை, பார்வையற்றவரான மைக்கேல் கர்ரன் 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கினார். அது விலையின்றிக் கிடைப்பது. தமிழ்க் குரலும் அதனுள் உண்டு.

இதனைப் பயன்படுத்துவோர்க்கு உலாவியில் நாம் செய்து தரவேண்டியவை சிலவே. ஒலியும் நிகழ்படமும் தாமே இயங்குவதை அமைப்புகள் பகுதியில் முதற்கண் தடுத்தல் வேண்டும். இன்றேல் விளம்பரக் குரலும் வாசிப்புக் குரலும் ஒன்றோடொன்று மோதும். சந்தைக்கடையில் பாடங்கேட்டது போலாகும். தானே எழும் சாளரங்களையும் தடுப்பது நன்று. பின்னர் எச் விசையை அழுத்தி அவர்கள் தலைப்புக்குத் தலைப்பு தாவலாம்; கே விசை இணைப்புகளுக்குரியது.

இத்தனையும் செய்த பின்னரும் சில தமிழ்ப் பக்கங்கள் பிடிகொடுப்பதில்லை. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டு வலையேற்றிய பாடக்குறிப்பு கண்ணுக்குத் தமிழ். உள்ளே இருப்பவையோ ஆங்கில எழுத்துகள். 'தமிழ்' என்னும் சொல்லையே மென்பொருள் ஜே, கே, பி, ஓ என்றுதான் கொள்ளும். இதனை எந்த உலாவி அமைப்பும் திருத்தாது. குறிப்பை எழுதிய ஆசிரியரே ஒருங்குறிக்கு மாற்றித் தரல் வேண்டும். எழுத்துரு மாற்றிகள் அதனை நொடியில் செய்யும். மாற்றியபின் கொம்பும் புள்ளியும் இடம் பிறழாதிருக்கின்றனவா என ஒருமுறை பார்த்தல் போதும்.