கணினிப் பாடம்: பாலத்தின் மேல் ஒரு காவலாளி



ராபர்ட் பிரிஸ்டோ காயலைத் தூர்வாரி எடுத்த மண்ணால் உருவானது வில்லிங்டன் தீவு. மட்டாஞ்சேரியிலிருந்து பாலம் கடந்து அங்கே போகிறோம். பாலம் நம் முகவரியை மாற்றுவதில்லை. அக்கரை சேர்க்கிறது, அவ்வளவே. கணினி வலைப்பின்னலில் 'பிரிட்ஜ்' என்பதும் அப்படித்தான். அதன் மேலேயே காவல் வைக்கும் முறையை இன்று பார்ப்போம்.

வழக்கமான ஃபயர்வால் ஒரு ரௌட்டர். ரயில்வேக்காரன் கணக்கில் அது ஜங்ஷன். இறங்கி வண்டி மாற வேண்டும். இரு பக்கமும் வெவ்வேறு சப்நெட், அதாவது வெவ்வேறு ஐ.பி. எண் வரிசை வேண்டும். பிரிட்ஜ் ஃபயர்வாலோ ஓடும் வண்டியில் ஏறும் டிக்கெட் பரிசோதகர். வண்டியும் மாறாது, எண்ணும் மாறாது.

ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் 48 பிட் 'மேக்' முகவரி உண்டு. எது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று பிரிட்ஜ் குறித்துக்கொள்ளும். வழக்கமாக 300 விநாடி பேச்சில்லாவிட்டால் குறிப்பை அழித்துவிடும்.

என் மருமகனின் மிளகு மண்டியில் கணக்குக் கணினிக்கு முன்னால், இரண்டு கார்டு போட்ட பழைய கணினியைப் பிரிட்ஜாக வைத்தேன். 'ஐ.பி. மட்டும் போகலாம்' என்று விதி எழுதினேன். சில நிமிடங்களில் எல்லாம் நின்றது. லாரி வாசலில், பில் வரவில்லை. மேக் முகவரியைக் கேட்டறியும் 'ஏ.ஆர்.பி.' செய்தி ஐ.பி. வகையைச் சேர்ந்ததல்ல, அதையும் நானே அடைத்திருந்தேன்.

அதைத் திறந்தேன். பழைய கேபிளை மட்டும் 'இருக்கட்டும்' என்று விட்டேன். இரண்டு வழி சேர்ந்து வளையமாகிவிட்டது. ஈதர்நெட் செய்திக்கு ஆயுள் வரம்பு கிடையாது. ஒரே செய்தி ஓயாமல் சுற்றி, மறுபடி எல்லாம் நின்றது.

இதற்காகவே ரேடியா பெர்ல்மன் 1985இல் 'ஸ்பானிங் ட்ரீ' முறையை வகுத்தார். 1990இல் அது ஐ.இ.இ.இ. 802.1டி தரத்தில் இடம்பெற்றது. உபரி வழியை அது மூடி வைக்கும். ஆனால் காவலுள்ள வழியை மூடி, காவலில்லாத கேபிளைத் திறந்து வைக்கவும் கூடும்! ஆகவே அந்தக் கேபிளை நாமே கழற்றுவதுதான் பாதுகாப்பு.

இன்னொன்று: பிரிட்ஜ் ஒரே சப்நெட்டை இரண்டாகப் பிரித்துக் காவல் காக்கும், இரு சப்நெட்களை இணைக்காது. அதற்கு ரௌட்டர் வேண்டும்.

பிள்ளைகளுக்குப் பயிற்சி: 192.168.1.5, 192.168.2.5 என்ற எண்களுடைய இரு கணினிகள். இரண்டிலும் மாஸ்க் 255.255.255.0. நடுவில் பிரிட்ஜ் மட்டுமே. பேசுமா? காரணத்தோடு எழுதிப் பாருங்கள்.