பயன் தீர்ந்த நிக்கல்-காட்மியம் சேமக்கலங்கள்

சுவர்க் கடிகாரத்தில் இடும் உலர் மின்கலம் ஒருமுறை தீர்ந்தால் தீர்ந்ததுதான். சேமக்கலமோ மின்னேற்றம் செய்யச் செய்ய மீண்டும் உழைக்கும். அவ்வகையில் ஒன்றே, சுவீடன் நாட்டு அறிஞர் வால்டெமார் யுங்னர் 1899-ல் கண்டுபிடித்த நிக்கல்-காட்மியம் சேமக்கலம். இதன் நேர்முனையில் நிக்கல் சேர்மமும், எதிர்முனையில் காட்மியமும், இடையே பொட்டாசியம் ஹைடிராக்சைடு என்னும் காரக் கரைசலும் உள்ளன. ஒரு கலத்தின் மின்னழுத்தம் 1.2 வோல்ட். பழைய கம்பியில்லாத் தொலைபேசி, அவசர விளக்கு, துளையிடும் கருவி முதலியவற்றில் இதைக் காணலாம். விமானங்களிலும் இரயில்களிலும் பெரிய அளவில் இன்றும் பயன்படுகிறது. குறை அதன் உழைப்பில் இல்லை, காட்மியத்தில் உள்ளது.

காட்மியத்தின் கொடுமையை ஜப்பான் நாடு பெருந்துன்பப்பட்டு அறிந்தது. டொயாமா மாநிலத்தில் ஓடும் ஜின்சூ ஆற்றில், மேற்பகுதியிலிருந்த காமியோகா சுரங்கத்தின் கழிவு கலந்தது. அந்நீர் வயல்களில் பாய, நெற்பயிர் காட்மியத்தை வேர்வழியே உறிஞ்சியது. அந்த அரிசியை உண்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டு, எலும்பு மெலிந்து, இருமினாலே எலும்பு முறியும் நிலை வந்தது. நோயுற்றவர் பெரும்பாலும் நடுவயது கடந்த தாய்மார். "வலிக்கிறது, வலிக்கிறது" என்று பொருள்படும் "இட்டாய், இட்டாய்" என அவர்கள் அலறியதே நோயின் பெயராயிற்று. அவ்வட்டார மருத்துவர் ஹகினோ நொபோரு சுரங்கமே காரணம் என்றபோது நம்பினோர் சிலரே. 1968-ல் அரசு அதை ஒப்புக்கொண்டது. வயல்மண்ணைச் சீராக்கும் பணி 2012 வரை நீண்டது.

அது சுரங்கக் கழிவுதானே எனலாம். ஆனால் உலோகம் ஒன்றே. உடலில் புகுந்த காட்மியம் சிறுநீரகத்தில் பத்தாண்டுகளுக்கும் மேல் தங்கும். குப்பைமேட்டில் கலத்தின் உறை துருப்பிடித்தால் அது மண்ணுக்குப் போகும். நெருப்பிலிட்டால் ஆவியாகி மூச்சில் கலக்கும். குப்பையைக் கொளுத்துவதே துப்புரவு என்று எண்ணுவோர் நம் தெருவிலும் உண்டு; அவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள், தோழியரே.

இனி, அனுப்பும் முறை. இங்கேதான் பலரும் கவனக்குறைவாய் இருக்கின்றனர். தீர்ந்துபோன கலத்திலும் சிறிது மின்சாரம் எஞ்சியிருக்கும். இதன் உள்மின்தடை மிகக் குறைவு. ஆதலால் ஒரு சாவியோ ஆணியோ இரு முனைகளையும் இணைத்துவிட்டால் பெரும் மின்னோட்டம் பாய்ந்து உலோகம் பழுக்கக் காயும். அட்டைப்பெட்டி தீப்பற்றவும் கூடும். எனவே முனைகளின்மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனிப் பிளாஸ்டிக் பையிலிட்டு, அசையாதபடி பெட்டியில் அடுக்க வேண்டும். தகர டப்பா வேண்டாம். வெண்பொடி பூத்துக் கசிந்த கலத்தை வெறுங்கையால் தொடலாகாது. காரம் தோலை அரிக்கும். கண்ணில் பட்டால் நிறைய நீர்விட்டுக் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். லித்தியம் கலங்களோடு கலக்கவும் கூடாது.

மறுசுழற்சி ஆலையில் நடப்பது நாம் வகுப்பில் படித்த வாலை வடித்தலே. காட்மியம் 767 பாகை செல்சியசில் கொதித்து ஆவியாகும்; நிக்கலோ 1455 பாகைவரை உருகாது. மூடிய உலையில் சூடேற்றினால் காட்மியம் மட்டும் ஆவியாய்ப் பிரிந்து, குளிர்ந்து, உலோகமாகத் திரளும். அது மீண்டும் புதிய சேமக்கலத்திற்கே பயன்படும். எஞ்சிய நிக்கலும் இரும்பும் துருப்பிடியா எஃகு செய்ய உதவும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2006-ல் இயற்றிய விதியால் கையடக்கக் கருவிகளில் இவ்வகைக் கலங்கள் பெரும்பாலும் தடைசெய்யப்பட்டன. நம் நாட்டில் 2022-ன் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய கலங்களைத் திரும்பப்பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் வைக்கின்றன. வீட்டுக் குப்பையோடு சேர்க்காமல் தனியே ஒப்படைப்பது வாங்கியவர் கடமை. கலத்தின்மேல் குறுக்குக்கோடிட்ட குப்பைத்தொட்டிப் படமும், காட்மியத்தின் வேதிக்குறியும் இருந்தால், இன்னதென்று எளிதில் அடையாளம் காணலாம்.