ஆறிய தழும்பில் கட்டி எழுந்தால்

கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சையோ வயிற்றை இறுக்கும் ஆபரேஷனோ முடிந்து, தையல் பிரித்து, காயமும் ஆறிய பிறகு தழும்பருகே ஒரு கட்டி எழுகிறதா? முதலில் காலண்டரைப் பாருங்கள். வழக்கமான சீழ் பெரும்பாலும் ஓரிரு வாரத்துக்குள் வந்துவிடும். மாதம் கடந்து, காய்ச்சலே இல்லாமல் மெல்லக் கிளம்பும் கட்டியின் கதை வேறு. (கடும் காய்ச்சல், வேகமாகப் பரவும் சிவப்பு, தோல் கறுத்தல் என்றால் எதையும் பார்க்காதீர்கள், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.)

அடுத்து, லேசாகத் தொட்டுப் பாருங்கள், பிதுக்க வேண்டாம். தளும்பினால் உள்ளே நீர் கோத்திருக்கலாம். வலியில்லாமல் கெட்டியாக இருந்தால் கொழுப்புத் திசு மடிந்து இறுகியிருக்கலாம். தழும்பின் எல்லை தாண்டிப் படர்ந்து அரித்தால் கீலாய்டு. ஆனால் ஊதா நிறத்தில் தடித்து, ஒன்று உடைந்து வடியும்போதே பக்கத்தில் இன்னொன்று கிளம்பினால், என் சந்தேகம் காசநோய்க் கிருமியின் உறவுக்காரர்கள் மீதுதான் போகும். மைக்கோபாக்டீரியம் அப்செஸஸ் அவற்றில் ஒன்று. தண்ணீரிலும் மண்ணிலும் வாழ்வது. சரியாகக் கிருமி நீக்காத கருவி வழியே உடம்புக்குள் போய்விடும். 2003-04இல் டொமினிக்கன் குடியரசின் சாண்டோ டொமிங்கோவில் அழகு அறுவை செய்துகொண்டு ஊர் திரும்பிய அமெரிக்கப் பெண்களைப் படுத்தியது இதுதான்.

ஒரு ஆன்டிபயாடிக் கேட்கவில்லை என்று இன்னொன்று, அதற்கு மேல் இன்னொன்று என மாற்றிக்கொண்டே போவதில்தான் மாதங்கள் வீணாகின்றன. மருந்தை மாற்றும் முன் திசு மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். மேலே வடிவதைப் பஞ்சில் ஒற்றி எடுத்தால் போதாது.

மாதிரி எடுக்கும்போது இரண்டு பாட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். இதை வெட்கப்படாமல் கேட்க வேண்டும். ஃபார்மலினில் போட்ட துண்டு பயாப்சிக்கு உதவும். ஆனால் அதில் கிருமி செத்துவிடும், கல்ச்சரில் எதுவும் வளராது. இன்னொரு துண்டு, கிருமி நீக்கிய டப்பாவில் சலைன் ஊற்றி லேபுக்குப் போக வேண்டும். சீட்டில் ‘மைக்கோபாக்டீரியா கல்ச்சர்’ என்று தனியாக எழுதியிருக்க வேண்டும். சாதாரண கல்ச்சரை இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுவார்கள்; இவை வளர ஒரு வாரம், சில சமயம் அதற்கும் மேல் ஆகும்.

பயாப்சியில் ‘கிரானுலோமா’ (அழற்சி செல்கள் திரண்ட சிறு முடிச்சு) என்று வந்தால் உடனே டிபி என்று முடிவுகட்ட வேண்டாம். உள்ளே தங்கிய தையல் நூலும், அழகுக்காக ஊசியில் ஏற்றிய ஃபில்லரும்கூட அதை உண்டாக்கும். அப்செஸஸ் என்றால் வழக்கமான டிபி மாத்திரைக்கு அது அடங்காது. எனவே கிருமியின் இனப்பெயரும், எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்ற ரிப்போர்ட்டும் கையில் வரவேண்டும். சிகிச்சை பல மாதம் நீளும். தோல் மூடிவிட்டதே என்று நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.