தொழில்சார் சுவாச நோய்கள்: அஸ்பெஸ்ரஸ் தூசு



சிலிக்கோசிஸ், அஸ்பெஸ்ரோசிஸ் என்னும் பெயர்களை நீங்கள் மனனம் செய்திருப்பீர்கள். ஆனால் "அஸ்பெஸ்ரஸ் நுரையீரலை எவ்வாறு பாதிக்கிறது?" எனக் கேட்டால் பலரது விடை ஒரு வரியுடன் நின்றுவிடுகிறது. "வீட்டில் யாராவது கூரை வேலை செய்கிறார்களா?" என வகுப்பில் கேட்டால் ஒன்றிரண்டு கைகளாவது உயரும். எனவே இது புள்ளிகளுக்காக மட்டும் படிக்கும் பாடமன்று.

1. அஸ்பெஸ்ரஸ் என்றால் என்ன?

இது நிலத்திலிருந்து அகழ்ந்தெடுக்கப்படும் நார்த்தன்மையான கனியம். தமிழில் கல்நார் எனப்படும். தீப்பிடிக்காது, உக்காது, வலிமையானது, மலிவானது. எனவே சீமெந்துடன் கலந்து கூரைச் சீற் செய்யப்படுகிறது. நீல அஸ்பெஸ்ரஸ் இலங்கையில் 1987 இல் தடைசெய்யப்பட்டது. கூரைச் சீற்றுகளில் பயன்பட்டுவருவது வெள்ளை அஸ்பெஸ்ரஸ் ஆகும். எனினும், எல்லா வகை அஸ்பெஸ்ரசும் மனிதரில் புற்றுநோயை ஏற்படுத்தும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

2. உடலில் நிகழ்வது

சீற்றை வெட்டும்போது, துளையிடும்போது, உடைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றில் கலக்கின்றன. சுவாசத்துடன் அவை நுரையீரலின் சிற்றறைகளை அடைகின்றன. அங்குள்ள விழுங்கற் கலங்களால் நீண்ட நார்களை முழுமையாக விழுங்க முடிவதில்லை. இதனால் அழற்சி தொடர்கிறது. தழும்பு இழையம் உருவாகிறது.

3. ஏற்படும் நோய்கள்

(அ) அஸ்பெஸ்ரோசிஸ்: நுரையீரல் தழும்பேறி விறைப்படைதல். மூச்சுத்திணறலும் வறட்டு இருமலும் ஏற்படும்.
(ஆ) நுரையீரல் புற்றுநோய்: தொழிலாளி புகைப்பவராயின் ஆபத்து பன்மடங்காகும்.
(இ) மீசோதீலியோமா: நுரையீரலைப் போர்த்துள்ள மென்சவ்வில் ஏற்படும் புற்றுநோய்.

இவை பெரும்பாலும் 20 முதல் 40 வருடங்களின் பின்னரே வெளிப்படும். இன்று தூசைச் சுவாசிக்கும் இளைஞர் நாளை இருமமாட்டார். ஆபத்து அலட்சியப்படுத்தப்படுவதற்குக் காரணம் இதுவே.

4. இலங்கையின் அனுபவம்

அஸ்பெஸ்ரஸ் பாவனையைப் படிப்படியாக நிறுத்தும் திட்டம் 2015 இல் அறிவிக்கப்பட்டது. இறக்குமதிக் கட்டுப்பாடு 2018 சனவரியில் ஆரம்பிக்கவிருந்தது. 2017 டிசெம்பரில், தேயிலைப் பொதியொன்றில் வண்டு காணப்பட்டதாகக் கூறி ரஷ்யா இலங்கைத் தேயிலையைத் தற்காலிகமாக நிறுத்தியது. வெள்ளை அஸ்பெஸ்ரசை எமக்கு விற்கும் முக்கிய நாடும் ரஷ்யாவே. அதே மாதத்தில் கட்டுப்பாடு ஒத்திவைக்கப்பட்டது. தேயிலைத் தடையும் நீங்கியது. சுகாதாரத் தீர்மானமொன்றில் வர்த்தகமும் எவ்வாறு குறுக்கிடுகிறது என்பதற்கு இது சிறந்த உதாரணம்.

5. பாதுகாப்பு முறைகள்

• கிரைண்டரால் வெட்டாது, சீற்றை நீரால் நனைத்துக் கைவாளால் வெட்டுதல்.
• தூசை உலர்ந்த நிலையில் கூட்டாது, ஈரத்துணியால் துடைத்தெடுத்தல்.
• நுண்துணிக்கைகளை வடிக்கும், முகத்தில் இறுகப் பொருந்தும் சுவாசக் கவசம் அணிதல். கைக்குட்டை போதாது.
• வேலை உடையுடன் வீடு திரும்பாதிருத்தல். அவ்வுடையைக் கழுவிய குடும்பத்தினரும் நோயுற்றுள்ளனர்.

கவனிக்க: "அஸ்பெஸ்ரஸ் கூரையின் கீழ் வசிப்போர் அனைவருக்கும் புற்றுநோய் வரும்" என எழுதாதீர்கள். உடையாத, நல்ல நிலையிலுள்ள சீற்றிலிருந்து வெளிவரும் நார்கள் மிகக் குறைவு. பேராபத்து அதனை வெட்டி, உடைத்து, அகற்றும் தொழிலாளிக்கே.

மாதிரி வினா

30 வருடங்கள் கூரை வேலை செய்து ஓய்வுபெற்ற மேசன் ஒருவருக்கு இப்போது மூச்சுத்திணறல் ஏற்பட்டுள்ளது. "வேலையை விட்டபின் வந்த நோய்க்கு வேலை எப்படிக் காரணமாகும்?" என அவரது மகன் கேட்கிறான். விளக்குக.

விடைக் குறிப்பு: சுவாசித்த நார்கள் நுரையீரலில் தங்கும் – அழற்சி தொடரும் – தழும்பு இழையம் மெதுவாகப் பெருகும் – அறிகுறிகள் பல வருடங்களின் பின் தோன்றும். வைத்தியரிடம் முன்னைய தொழிலைக் கட்டாயம் கூற வேண்டும் எனவும் சேர்க்க.

இந்த விடையை எழுதிப் பழகியபின், வீட்டில் கூரை வேலை செய்பவர் இருந்தால் அவருக்கும் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.