விண்ணப்பம் திறக்கும் முன் பெயரையும் பிறந்த தேதியையும் சரிபார்க்கும் காலம்

ஜேஇஇ மெயின் தேர்வின் முதல் கட்டம் ஜனவரியில் நடக்கிறது. அதற்கான இணைய விண்ணப்பம் அண்மை ஆண்டுகளில் அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ திறந்திருக்கிறது. நீட் விண்ணப்பம் பிப்ரவரியிலும், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் விண்ணப்பம் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையிலும் வருகின்றன. எனவே பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் சான்றிதழ்களில் உள்ள பிழைகளைத் திருத்தக் காலாண்டு விடுமுறையே ஏற்ற நேரம். விண்ணப்பம் திறந்த பிறகு ஆதார் மையத்துக்கு ஓடினால், திருத்தம் வந்து சேர்வதற்குள் கடைசி நாள் கடந்துவிடக்கூடும்.

முதல் வேலைக்கு அரை மணி நேரம் போதும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், ஆதார் அட்டை, பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் ஆகிய நான்கையும் தரையில் வரிசையாக விரித்துவைத்து, மாணவரின் பெயரை ஆங்கிலத்தில் எழுத்தெழுத்தாக ஒருவர் வாசிக்க, இன்னொருவர் மற்ற தாள்களில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். பழகிய பெயர் என்பதால் கண் தாவிப் போய்விடும். வாய்விட்டு வாசித்தால்தான் விட்டுப்போன எழுத்து தட்டுப்படும். பெயரை அடுத்துப் பிறந்த தேதி, பாலினம், தந்தை பெயர், தாய் பெயர் ஆகியவற்றையும் இப்படியே ஒப்பிட வேண்டும்.

நான்கும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் எதை எதற்கேற்ப மாற்றுவது என்ற கேள்வி எழும். இங்கேதான் பல குடும்பங்கள் தவறுகின்றன. ஆதார் எல்லா இடத்திலும் கேட்கப்படுவதால் அதையே மூலமாக எடுத்துக்கொண்டு மற்றவற்றை மாற்றக் கிளம்பிவிடுகிறார்கள். தேர்வுக்கும் கலந்தாய்வுக்கும் பத்தாம் வகுப்புச் சான்றிதழே மூலம். பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் அனைத்தையும் அதில் உள்ளபடியே விண்ணப்பத்தில் இட வேண்டும். ஆதார் ஒருவரின் அடையாளத்துக்குச் சான்றே தவிர, பிறந்த தேதிக்குச் சான்று அல்ல என்பதை ஆதார் ஆணையமே 2023-இல் தெளிவுபடுத்தியது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில், வயதை முடிவுசெய்ய ஆதாரைவிடப் பள்ளிச் சான்றிதழையே ஏற்றது. ஆகவே பத்தாம் வகுப்புச் சான்றிதழ் சரியாக இருந்தால் ஆதாரைத்தான் அதற்கு இணங்க மாற்ற வேண்டும்.

தமிழ்நாட்டு மாணவர்களுக்குப் பெயரில் வரும் சிக்கல் தனி ரகம். குடும்பப் பெயர் இல்லாமல் தந்தை பெயரின் முதலெழுத்தை இனிஷியலாக வைத்துக்கொள்வது இங்குள்ள வழக்கம். பள்ளிச் சான்றிதழில் ‘கார்த்திகா செ’ என்று இருக்கும். ஆதார் எடுத்தபோது பதிவாளர் கடைசிப் பெயரைக் கேட்டு வாங்கி ‘கார்த்திகா செல்வம்’ என்று பதிந்திருப்பார். வங்கிக் கணக்கில் இனிஷியல் முன்னால் வந்து ‘செ. கார்த்திகா’ ஆகியிருக்கும். ஊரில் யாருக்கும் இதில் குழப்பம் இல்லை, மூன்றும் ஒரே பெண். கணினிக்கோ இவை மூன்று வேறு பெயர்கள்.

எழுத்துக்கூட்டல் இதைவிடச் சிக்கலானது. தமிழில் ஒரே ‘க’ ஆங்கிலத்தில் கே ஆகவும் வரும், ஜி ஆகவும் வரும். கார்த்திகா ஒரு தாளில் கே போட்டும் இன்னொன்றில் ஜி போட்டும் இருப்பது சாதாரணம். ‘த’கரத்துக்குப் பக்கத்தில் எச் சேர்ப்பவரும் உண்டு, விடுபவரும் உண்டு. எழிலரசி, யாழினி, கனிமொழி போன்ற பெயர்களில் ழகரத்தை இசட்-எச் என்று எழுதுவோரும் வெறும் எல் என்று எழுதுவோரும் இருக்கிறார்கள். எது சரியான ஒலிபெயர்ப்பு என்பது இங்கே பொருட்டல்ல. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எந்த எழுத்து உள்ளதோ, அது பிடிக்காவிட்டாலும் அதுவே எல்லாத் தாளிலும் இருக்க வேண்டும்.

அந்தச் சான்றிதழிலேயே பிழை இருந்தால் வேலை அங்கிருந்தே தொடங்க வேண்டும். மாநிலப் பாடத்திட்ட மாணவர்கள் படித்த பள்ளியின் தலைமையாசிரியரிடம் எழுத்துமூலம் விண்ணப்பித்து, அவர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு அனுப்ப வேண்டும். பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் சரியாக இருந்து, சான்றிதழில் மட்டும் எழுத்து பிசகியிருந்தால் வழி எளிது. பதிவேட்டிலேயே அப்படி இருந்தால் அது பிழைத்திருத்தம் ஆகாது, பெயர் மாற்றம் ஆகிவிடும். பெயர் மாற்றத்துக்கு அரசிதழில் அறிவிப்பு வெளியாக வேண்டும்; தமிழ்நாட்டில் எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறை அதை வெளியிடுகிறது. சிபிஎஸ்இ மாணவர்களுக்கு 2021 ஜூனில் ஜிக்யா யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு கைகொடுக்கும். பெயர் ஒருவரின் அடையாளத்தோடு பிணைந்த உரிமை என்றும், பிறப்புச் சான்றிதழ் போன்ற பொது ஆவணங்களின் அடிப்படையில் கேட்கப்படும் திருத்தத்தை வாரியம் பரிசீலிக்க வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது.

வீட்டில் இப்போது பத்தாம் வகுப்பு படிக்கும் தம்பியோ தங்கையோ இருந்தால், அவர்களுக்கு இந்த அலைச்சலே வராமல் தடுக்கலாம். பொதுத்தேர்வுக்கு முன் பள்ளியில் நாமினல் ரோல் எனப்படும் பெயர்ப்பட்டியல் தயாராகும். சான்றிதழில் அச்சாவது அதில் உள்ள விவரம்தான். பெற்றோரிடம் கையெழுத்து வாங்க அந்தத் தாள் வீட்டுக்கு வரும்போது, அவசரத்தில் கையெழுத்திட்டு அனுப்பாமல் பிறப்புச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அன்று பேனாவால் அடித்துத் திருத்துவது ஒரு நிமிட வேலை.

பிறந்த தேதியில் இரண்டு வகைப் பிழைகள் அதிகம் தென்படுகின்றன. ஒன்று, நாளும் மாதமும் இடம் மாறுவது: நவம்பர் 5, மே 11 ஆகிவிடும். இதை ஆவணம் காட்டித் திருத்திவிடலாம். மற்றொன்று, முதல் வகுப்பில் சேர்க்க வயது போதவில்லை என்று சில மாதங்கள் கூட்டி எழுதியது. அப்போது பிறப்புச் சான்றிதழ் ஒரு தேதியையும் பள்ளிச் சான்றிதழ் வேறொரு தேதியையும் காட்டும். பத்தாம் வகுப்பு முடிந்த பிறகு இதைப் பள்ளி மட்டத்தில் திருத்துவது கடினம், நீதிமன்றத்தை நாட வேண்டிவரும். தேர்வு நெருங்கும் ஆண்டில் அதைத் தொடங்கினால் படிப்பும் வழக்கும் ஒன்றையொன்று இழுக்கும். ஆனாலும் தேதியை அலட்சியம் செய்ய முடியாது: சேர்க்கை ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருந்தால்தான் நீட் எழுதலாம். வயது இந்த எல்லையை ஒட்டி இருப்பவர்கள் இதை முதலிலேயே கணக்கிட்டுவிடுவது நல்லது.

பிறப்புச் சான்றிதழில் எழுத்துப் பிழை இருந்தால் 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-ஆவது பிரிவின்கீழ் பதிவாளரே திருத்தலாம். மூலப் பதிவை அழிக்காமல் ஓரத்தில் குறிப்பு எழுதித் திருத்துவது அதன் முறை.

ஆதாரில் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது தவறு. வாழ்நாளில் பெயரை இரண்டு முறையும், பிறந்த தேதியையும் பாலினத்தையும் தலா ஒரு முறையும்தான் மாற்ற முடியும். அந்த வரம்பைத் தாண்டினால் ஆணையத்தின் மண்டல அலுவலகத்தின் தனி அனுமதி வேண்டும். தமிழ்நாட்டுக்கான மண்டல அலுவலகம் பெங்களூரில் இருக்கிறது. எனவே பத்தாம் வகுப்புச் சான்றிதழ் சரியாகும் வரை ஆதாரைத் தொடக் கூடாது. பிழையான சான்றிதழைப் பார்த்து ஆதாரை மாற்றிவிட்டு, பிறகு சான்றிதழ் திருந்தியதும் மறுபடி மாற்ற நேர்ந்தால் இருந்த வாய்ப்பு தீர்ந்துபோகும்.

வட்டாட்சியர் அலுவலகங்கள், அஞ்சலகங்கள், சில வங்கிக் கிளைகள் ஆகிய இடங்களில் ஆதார் மையங்கள் உள்ளன. எந்தத் திருத்தத்துக்கு எந்த மூல ஆவணம் செல்லும் என்ற பட்டியல் ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கிறது. அது அவ்வப்போது மாறுவதால் போகும் அன்று பார்த்துக்கொண்டு போவது உத்தமம். 2025 அக்டோபர் முதல் பெயர், தேதித் திருத்தத்துக்குக் கட்டணம் 75 ரூபாய். பதினைந்து வயதில் செய்ய வேண்டிய கைரேகை, கருவிழிப் புதுப்பிப்பைச் செய்யாதவர்கள் அதையும் சேர்த்து முடித்துவிட வேண்டும். பதினேழு வயது வரை அது இலவசம், கூடவே செய்யும் பெயர்த் திருத்தத்துக்கும் தனிக் கட்டணம் கிடையாது.

மையத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். விவரங்களைத் தட்டச்சு செய்ததும் ஊழியர் திரையைக் காட்டுவார். பின்னால் வரிசை நீண்டிருக்கும், சீக்கிரம் என்று யாரோ முணுமுணுப்பார்கள். அதைப் பொருட்படுத்தாமல் ஆங்கில வரியைச் சான்றிதழோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்ட பிறகே சரி என்று சொல்ல வேண்டும். கீழே உள்ள தமிழ் வரியையும் பார்க்க வேண்டும்; கணினி தானாக மாற்றும் தமிழில் ‘கார்த்திகா’ ‘கர்திக’ ஆகியிருக்கலாம். கையில் தரும் ஒப்புகைச் சீட்டில் உள்ள எண்ணை வைத்துத் திருத்தம் எந்த நிலையில் இருக்கிறது என்று இணையத்திலும், 1947 என்ற இலவச எண்ணிலும் அறியலாம். சில நாள்களில் முடிவதும் உண்டு, வாரக்கணக்கில் இழுப்பதும் உண்டு. அதே நேரத்தில், ஆதாரோடு இணைந்த கைப்பேசி எண் இன்னும் பயன்பாட்டில் உள்ளதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். எப்போதோ கைவிட்ட எண் இணைந்திருந்தால் விண்ணப்ப நாளில் ஓடிபி யாருக்கோ போகும். எண்ணை மாற்ற ஆவணம் எதுவும் தேவையில்லை.

சாதிச் சான்றிதழில் பெயர்ப் பொருத்தத்தோடு இன்னொரு கண்ணியும் உண்டு. தமிழ்நாட்டில் பி.சி., எம்.பி.சி. என்று வாங்கிய சான்றிதழ் மாநிலச் சேர்க்கைக்கு மட்டுமே செல்லும். மத்திய நிறுவனங்களில் இடஒதுக்கீடு கேட்க, மத்திய அரசின் பட்டியலில் அந்தச் சாதி இருக்க வேண்டும். வருமான வரம்பைத் தாண்டாத ஓபிசி என்பதற்கு மத்திய அரசின் படிவத்தில் தனிச் சான்றிதழும் வேண்டும். அதில் தேதி பழையதாக இருந்தால் கலந்தாய்வில் ஏற்கமாட்டார்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கும்போதே பெயரைப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ்படி தர வேண்டும். மாற்றுத்திறனாளி மாணவர்கள் அடையாள அட்டையின் செல்லுபடிக் காலத்தையும் பார்த்துப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு செய்தும் ஆதார்த் திருத்தம் வந்து சேராமல் விண்ணப்பம் திறந்துவிட்டால் பதற வேண்டியதில்லை. 2026 ஜேஇஇ மெயின் விண்ணப்பத்தில், ஆதாரிலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் பெயர் வேறுபட்டால் சான்றிதழில் உள்ள பெயரைத் தனியே இட தேசியத் தேர்வு முகமை வழி செய்தது. 2018 செப்டம்பரில் ஆதார் வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், நீட் போன்ற தேர்வுகளுக்கு ஆதாரைக் கட்டாயமாக்க முடியாது என்றும் கூறியிருக்கிறது. அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டில் ஏற்கப்படும் பிற அடையாள ஆவணங்களின் பட்டியல் இருக்கும்.

விண்ணப்பத்தை பிரவுசிங் சென்டரில் நிரப்பும் பிள்ளைகள் அதிகம். அங்கே வேகத்துக்காகக் கடைக்காரர் தன் கைப்பேசி எண்ணையோ மின்னஞ்சலையோ போட்டுவிடுவதுண்டு. இதை ஒருபோதும் அனுமதிக்கக் கூடாது. ஜேஇஇ மெயினில் பிற்பாடு மாற்றவே முடியாத விவரங்களில் இவை இரண்டும் அடங்கும். நுழைவுச் சீட்டு, முடிவு என எல்லாத் தகவலும் அந்த எண்ணுக்குத்தான் போகும்.

விண்ணப்பம் அனுப்பிய பிறகு பிழை தெரிந்தால், திருத்தச் சாளரம் ஒரே ஒரு முறை இரண்டு மூன்று நாள்களுக்குத் திறக்கும். அதில் எல்லாவற்றையும் மாற்ற விடமாட்டார்கள். 2025 ஜேஇஇ மெயினில் மாணவர் பெயர், தந்தை பெயர், தாய் பெயர் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றைத்தான் மாற்ற முடிந்தது. பிறந்த தேதி, பாலினம், பிரிவு, கையொப்பம் ஆகியவற்றைத் திருத்த இடமிருந்தது, முகவரியையும் புகைப்படத்தையும் தொட முடியவில்லை. ஆகவே இரண்டு பெயர்களில் பிழை இருந்தால் மாணவரின் சொந்தப் பெயருக்கே முன்னுரிமை. பிரிவை மாற்றினால் கட்டண வித்தியாசம் கேட்கக்கூடும். அதைச் செலுத்தினால்தான் திருத்தம் ஏறும். சாளரத்தின் கடைசி இரவில் தளம் திணறும் என்பதால் முதல் நாளே முடித்து, திருத்திய உறுதிப்பக்கத்தைத் தரவிறக்கி அச்செடுத்து வைக்க வேண்டும்.

சாளரமும் மூடியபின் ஹால் டிக்கெட்டில் பிழை தெரிந்தால் உடனே முகமையின் உதவி எண்ணான 011-40759000-ஐ அழைத்து, மின்னஞ்சலிலும் எழுதி, அனுப்பியதற்கான நகலைப் பத்திரப்படுத்த வேண்டும். பதில் வராவிட்டாலும் தேர்வை விட்டுவிடக் கூடாது. ஹால் டிக்கெட்டோடு மூல அடையாள அட்டையையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு மையத்துக்குச் சற்று முன்னதாகவே போய்ச் சேர வேண்டும். ஹால் டிக்கெட்டில் கைப்பட எதையும் திருத்துவது பெருந்தவறு.

கலந்தாய்வின்போதும் பெயரில் சிறு வேறுபாடு எஞ்சியிருந்தால், இரு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்ற உறுதிமொழிப் பத்திரத்தை முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி முன் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளலாம். இனிஷியல் விரிந்திருப்பது, ஓர் எழுத்து கூடிக் குறைந்திருப்பது போன்றவற்றுக்கு இது பெரும்பாலும் உதவும். பிறந்த தேதி மாறியிருந்தாலோ பெயரே வேறாக இருந்தாலோ இந்தப் பத்திரம் போதாது. அரசிதழ் அறிவிப்போ நீதிமன்ற ஆணையோ அதன் மூலப் பிரதியோடு வேண்டும். எந்தத் திருத்தத்துக்கு விண்ணப்பித்திருந்தாலும் அதன் ஒப்புகைச் சீட்டைச் சான்றிதழ்க் கோப்பில் சேர்த்து வைத்தால், சரிபார்க்கும் அதிகாரியிடம் அவகாசம் கேட்க அது கையில் இருக்கும்.